வாசலால் வராத உண்மை

ஓர் இலக்கியச் சஞ்சிகையில், பதின்ம வயதினருக்காக எடுக்கப்பட்ட நகைச்சுவைப் படமொன்றைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஈரானிய சினிமாவையும் சத்யஜித் ராயையும் பேசிப் பழகிய எமது வட்டத்தில், "இதெல்லாம் ஒரு படமா?" என்ற கேள்வி எழும் என்பதை நான் அறிவேன். ஆயினும் கனதியான கேள்விகள் கனதியான படைப்புகளில் மட்டுமே தங்கியிருக்கும் என்று ஒரு சட்டமும் இல்லை. பிள்ளைகள் சிரித்துப் பார்த்துவிட்டு எழுந்து போகும் ஒரு படம், பெரியவர்களாகிய எம்மை எழும்ப விடாமல் பிடித்து இருத்திவிடுவதும் உண்டு.

2007 ஆம் ஆண்டு அன்ட்ரூ ஃபிளெமிங்கின் நெறியாள்கையில் வோர்னர் பிறதர்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'நான்சி ட்ரூ' என்ற படம் எனக்கு அப்படித்தான் ஆயிற்று. அது எழுப்பும் கேள்வி எளிமையானது. மற்றவர் மூடி வைத்த ஒன்றைத் திறந்து பார்க்க எமக்கு உரிமை உண்டா? உண்டென்றால் எப்போது, யாருக்காக, எந்த அளவுக்கு?

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்சி பதினாறு வயதுப் பெண். எம்மா ரொபர்ட்ஸ் அந்தப் பாத்திரத்தில் நடித்திருக்கிறார். தாயை இழந்தவள். தந்தை கார்சன் ட்ரூ ஒரு சட்டத்தரணி. ரிவர் ஹைற்ஸ் என்ற அவர்களது ஊரில் களவு, மோசடி என்று எது நடந்தாலும் அதைத் துப்புத்துலக்குவது நான்சியின் வழக்கம். அவளுக்கு ஏதும் நேர்ந்துவிடுமோ என்று தந்தைக்குக் கவலை. தொழில் நிமித்தம் மகளுடன் லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குப் புறப்படும் அவர், இனி இந்தத் துப்பறியும் வேலை வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி வாக்கு வாங்குகிறார். மகளும் வாக்குக் கொடுக்கிறாள். ஆனால் அங்கே தங்குவதற்கு வீட்டைத் தெரிவு செய்பவளும் அவளே. அவள் தெரிவு செய்வதோ, டீலியா டிரேகொற் என்ற புகழ்பெற்ற நடிகை பல வருடங்களுக்கு முன்னர் மர்மமாக இறந்துபோன ஒரு பழைய மாளிகையை.

படத்தின் பகிடிகள் பெரும்பாலும் அவளது புதிய பாடசாலையில் நடக்கின்றன. சக மாணவிகள் அன்றைய நாகரிகத்தில் மிதக்கும்போது, நான்சி பழைய பாணியில் தைத்த உடையும் நேர்த்தியாக வாரிய தலையுமாக வந்து நிற்கிறாள். அவர்கள் அவளைக் கேலி செய்கிறார்கள். அந்தக் கேலி அவளுக்குக் கேலியென்றே விளங்குவதில்லை. அவளிலும் வயது குறைந்த கோர்க்கி என்ற பையன் ஒருவன்தான் நண்பனாகிறான். அவளுடைய பிறந்தநாள் விருந்தில் ஒருத்தி மூச்சடைத்து விழ, வைத்தியரைத் தேடி ஓடாமல், கையில் கிடைத்த பேனாவைக் கொண்டு தொண்டையில் துளையிட்டு அவளைப் பிழைக்க வைக்கிறாள் நான்சி. இப்படி நம்ப முடியாதவற்றையும் நம்பிவிடத் தோன்றும் வேகத்தில் படம் ஓடுகிறது.

மர்மம் பின்வருமாறு அவிழ்கிறது. மாளிகையில் கிடைக்கும் ஒரு பழைய கடிதத்திலிருந்து நான்சி நூல் பிடிக்கிறாள். டீலியா உலகறியாமல் ஒரு குழந்தையைப் பெற்றுத் தத்துக் கொடுத்திருக்கிறாள். அந்தக் குழந்தை இன்று ஜேன் பிரைட்டன் என்ற பெயரில், தன்னந்தனியாக ஒரு சிறுமியை வளர்த்து வரும் தாய். டீலியா தனது சொத்துகளை மகளுக்கு எழுதி வைத்த மரணசாசனம், சீன வேலைப்பாடுள்ள ஒரு பெட்டியினுள் கிடக்கிறது. அது வெளிவராமல் இருப்பதில் நன்மை காண்பவர் பீடமெயர் என்ற சட்டத்தரணி. டீலியாவின் விவகாரங்களைக் கவனித்தவரும், நான்சியின் தந்தையோடு இப்போது தொழில் செய்பவரும் அவர்தான். டீலியாவின் உயிரைப் பறித்ததும் அவரே. இறுதியில் மரணசாசனம் கிடைக்கிறது, ஜேன் தன் உரிமையைப் பெறுகிறாள். அந்த மாளிகையை, துணையின்றிப் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கான இல்லமாக அவள் மாற்றுகிறாள்.

பிள்ளைகளுக்கான கதைதான். இருந்தும் அதை எமது நியாயத் தராசில் வைத்தால் தட்டு ஒரு பக்கமும் நிற்க மறுக்கிறது. ஏனெனில் துப்பறிதல் என்பது, மரியாதையான சொல்லை நீக்கிப் பார்த்தால், உளவு பார்த்தலே. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்க வேண்டும், பெட்டியைக் கிளற வேண்டும், பேச்சை ஒட்டுக் கேட்க வேண்டும். இவை ஒவ்வொன்றும் வீட்டில் எமது பிள்ளைகள் செய்தால் நாம் கண்டிக்கும் காரியங்கள். திருக்குர்ஆனின் 'அல்ஹுஜுராத்' அத்தியாயம் ஊகங்களையும் 'தஜஸ்ஸுஸ்' என்னும் துருவி ஆராய்தலையும் புறம் பேசுதலையும் ஒரே வசனத்தில் வைத்துத் தடை செய்கிறது. அவை அடுத்தடுத்து வருவது தற்செயலானதென்று எனக்குத் தோன்றவில்லை. ஊகம் மனதில் பிறக்கிறது, அதை உறுதிப்படுத்தக் கண் அலைகிறது, கண்டதை நா சுமந்து செல்கிறது. ஒரு மனிதனின் மானம் இந்த மூன்று படிகளில்தான் இறங்கிப் போகிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் பற்றிய பகுதியில், கலீபா உமர் (ரலி) அவர்களைப் பற்றிய ஒரு சம்பவத்தை எடுத்துச் சொல்கிறார். உமர் (ரலி) ஒரு மனிதனின் வீட்டுச் சுவரில் ஏறிப் பார்க்கிறார்கள். அவன் ஒரு பாவமான நிலையில் இருக்கிறான். கலீபா கண்டிக்கிறார்கள். அவனோ, நான் ஒரு தவறுதான் செய்தேன், நீங்கள் மூன்று செய்துவிட்டீர்கள் என்ற கருத்துப்படப் பதில் சொல்கிறான். துருவிப் பார்க்கக் கூடாது என்றிருக்கத் துருவினீர்கள். வீடுகளுக்கு வாசலால் வர வேண்டும் என்றிருக்கச் சுவரால் வந்தீர்கள். அனுமதியும் ஸலாமும் இன்றி நுழையக் கூடாது என்றிருக்க நுழைந்தீர்கள். உமர் (ரலி) அதை ஏற்றுக்கொண்டு, அவன் திருந்துவதாகச் சொன்னதும் விட்டுச் செல்கிறார்கள். அதிகாரத்தின் உச்சியில் இருந்த ஒருவர் குற்றவாளியின் வாதத்துக்குத் தலைசாய்த்தார் என்பதைவிட, அந்தக் குற்றவாளிக்கு அப்படியொரு வாதம் சட்டத்தில் இருந்தது என்பதுதான் எனக்கு வியப்பளிக்கிறது.

இதை வைத்துப் பார்த்தால் நான்சி ட்ரூ தோற்றுப் போகிறாள். அவள் வாசலால் வருபவள் அல்லள். அதைவிட முக்கியமாக, அவள் அந்த மாளிகையைத் தெரிவு செய்தபோது எவருடைய கண்ணீரும் அவளை அழைக்கவில்லை. ஜேன் என்றொருத்தி இருப்பதே அவளுக்குத் தெரியாது. மர்மம் என்ற சொல் கொடுத்த நாவூறல்தான் அவளை அங்கே கொண்டுவந்தது. இறந்துபோன ஒரு பெண்ணின் அந்தரங்கம் அவளுக்கு விடை காண வேண்டிய ஒரு புதிர். தந்தைக்குக் கொடுத்த வாக்கு வேறு மீறப்படுகிறது. படத்தின் முதற்பாதி முழுவதும், எவ்வளவு அழகாகச் சிரித்தாலும், அவள் செய்வது தஜஸ்ஸுஸ்தான்.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சாட்சியத்தை ஒளிப்பதையும் அதே திருக்குர்ஆன் பாவமாகக் கூறுகிறது. மரணசாசனத்தைக் கேட்ட பின் அதை மாற்றுபவர்கள் மீது குற்றம் சுமத்துகிறது. பிள்ளைகளை அவர்களுடைய உண்மையான தந்தையரோடு சேர்த்து அழைக்கும்படி சொல்கிறது. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையாயினும் தாயிடமிருந்து அதற்குரிய வாரிசுரிமையை எமது பிக்ஹு சட்டம் அறுத்துவிடவில்லை. ஆக, ஜேனின் உரிமை எமது அளவுகோலிலும் உண்மையான உரிமையே. அதை மறைத்து வைத்திருப்பது அமானித மோசடி. எல்லோரும் கண்ணியமாகக் கண்களைத் தாழ்த்திக்கொண்டு போயிருந்தால் பீடமெயர் கௌரவமான சட்டத்தரணியாகவே வாழ்ந்து மறைந்திருப்பார்.

எமது அறிஞர்கள் இந்த முரணை அறியாதவர்கள் அல்லர். அரசாட்சியின் விதிகள் பற்றி எழுதிய இமாம் மாவர்தி, சந்தைகளையும் பொது ஒழுக்கத்தையும் கண்காணிக்கும் அதிகாரி மக்களின் மறைவான விடயங்களைத் துருவக் கூடாது என்றே பொதுவிதி வகுக்கிறார். ஆயினும், ஒருவனைக் கொல்வதற்காக மற்றொருவன் அவனைத் தனிமைப்படுத்தி வைத்திருக்கிறான் என்று நம்பகமான ஒருவர் வந்து சொன்னால், அப்போது துருவலாம் என்கிறார். காரணம், கைதவறினால் திருத்த முடியாத இழப்பு அது. அநீதி இழைக்கப்பட்டவர் தனக்கு அநீதி செய்தவரைப் பற்றி நீதிபதியிடம் பேசுவது புறம் பேசுதலின் தடையில் அடங்காது என்று கஸ்ஸாலியும் பின்னர் இமாம் நவவியும் விளக்கியுள்ளனர். ஹதீஸ் கலையில் 'ஜர்ஹ் வ தஃதீல்' என்றொரு துறையே வளர்ந்தது. அறிவிப்பாளர் ஒருவர் மறதிக்காரரா, பொய்யரா, சொன்ன ஆசிரியரை உண்மையில் சந்தித்தாரா என்றெல்லாம் ஆயிரக்கணக்கானோரின் வாழ்க்கையைத் துருவிப் பதிவு செய்த துறை அது. துப்பறியும் கதைகள் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே எமது மரபில் இருந்த துப்பறிதல். ஆனால் நபி (ஸல்) அவர்களின் சொல்லைப் பொய்யிலிருந்து காப்பாற்றத் தேவையானதோடு நிற்க வேண்டும், அதற்கு அப்பால் ஒரு குறையும் பேசப்படக் கூடாது என்ற எல்லையையும் அந்தத் துறையினரே விதித்துக்கொண்டார்கள்.

கஸ்ஸாலி சொல்லும் இன்னொரு நுட்பமும் எனக்கு உதவுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பவனை நாம் தேடிப் போகக் கூடாது. ஆனால் உள்ளே நடப்பதன் ஓசை சுவரைத் தாண்டி வீதிக்கு வந்துவிட்டால் அது மறைவானதல்ல, வெளிப்பட்டதாகிவிடுகிறது. அவர் பேசுவது இசைக்கருவிகளின் ஓசையைப் பற்றி. நான் அதை இன்னும் சற்றுத் தூரம் கொண்டு செல்ல விரும்புகிறேன். வீதிக்கு வரும் ஓசைகளிலெல்லாம் பெரியது அநீதி இழைக்கப்பட்டவரின் குரல். அந்தக் குரல் கேட்ட பின்னர், அது அவர்கள் வீட்டு விடயம் என்று சொல்லிக் கடந்து போவது அடக்கமாகாது.

படத்தில் அப்படியொரு கட்டம் வருகிறது. ஜேனிடமிருந்து அவளுடைய சிறு மகளை அதிகாரிகள் பிரித்துக் கொண்டுபோய்விடுகிறார்கள். அவள் நான்சியின் வீட்டுக்கு வருகிறாள். வாசலால் வருகிறாள். அதுவரை புதிராக இருந்த ஒன்று அந்தக் கணத்தில் ஒரு மனுஷியாகிறது. நான்சியின் தேடல் அதன் பின்னரும் அதே தேடல்தான், வழிகளும் ஏறக்குறைய அதே வழிகள்தான், ஆனால் அதன் பெயர் மாறிவிடுகிறது. முன்னர் அவள் தன் ஆவலுக்காகத் தேடினாள். இப்போது இன்னொருத்தியின் உரிமைக்காகத் தேடுகிறாள். தேடும் உரிமை தேடுபவருடைய கெட்டித்தனத்திலிருந்து வருவதில்லை, எவருடைய உரிமை புதைக்கப்பட்டிருக்கிறதோ அவரிடமிருந்தே வருகிறது என்ற முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது இந்தக் கட்டம்தான். தந்தைக்குக் கொடுத்த வாக்கையும் இதே வெளிச்சத்தில் பார்க்கலாம். தன் பொழுதுபோக்கை விட்டுவிடுவதாக அவள் வாக்களிக்க முடியும். அடுத்தவளின் உரிமையை விட்டுக்கொடுப்பதாக அவள் வாக்களிக்க முடியாது, ஏனெனில் அது அவளுடையதல்ல.

இங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. டீலியாவின் வாழ்வில் இரண்டு இரகசியங்கள் இருந்தன. ஒன்று, அவள் மறைத்துப் பெற்ற குழந்தை. மற்றது, அவளுக்கு இழைக்கப்பட்ட கொலையும் மறைக்கப்பட்ட மரணசாசனமும். முதலாவது மூடப்பட வேண்டிய இரகசியம். சகோதரனின் குறையை மறைப்பவனின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்பது நாம் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்த நபிமொழியின் கருத்து. இரண்டாவதோ திறக்கப்பட வேண்டிய இரகசியம். ஆனால் இரண்டும் ஒரே பெட்டிக்குள் கிடக்கின்றன. ஜேன் மகள் என்று சொல்லாமல் அவள் வாரிசு என்று சொல்ல முடியாது. தாயின் மானத்தைத் தொடாமல் மகளின் உரிமையை எடுக்க வழியில்லை. வாழ்க்கையிலும் பெரும்பாலும் இப்படித்தான். நீதியும் அவமானமும் தனித்தனிப் பொதிகளாக வந்தால் நல்ல மனிதராக இருப்பது எவ்வளவு சுலபம்!

இந்த முடிச்சை அவிழ்க்க நான் யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றிடம் போகிறேன். அதில் சட்டை ஒரு சாட்சியாகிறது. முன்பக்கம் கிழிந்திருந்தால் அவர் குற்றவாளி, பின்பக்கம் கிழிந்திருந்தால் நிரபராதி. தடயத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்லும் அழகான முறை. துப்பறியும் கதை எழுதிய எவரும் பொறாமைப்படக்கூடியது. சட்டை பின்பக்கம்தான் கிழிந்திருக்கிறது. உண்மை தெரிந்துவிட்டது. பல வருடங்களின் பின், சிறையிலிருந்து வெளியே அழைக்கப்படும்போது, தன்மீதுள்ள களங்கம் விசாரிக்கப்பட வேண்டும் என்று யூசுப் (அலை) கேட்கிறார்கள். அப்போதும், கைகளை வெட்டிக்கொண்ட பெண்களைப் பற்றி விசாரிக்கும்படிதான் கேட்கிறார்கள். தன்னைச் சிறைக்கு அனுப்பக் காரணமாயிருந்த அதிபதியின் மனைவியைச் சுட்டிக்காட்டவில்லை. இதை அவர்களுடைய கண்ணியம் என்று தப்ஸீர் ஆசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். தமது தூய்மையை நிலைநாட்ட எவ்வளவு உண்மை தேவையோ அவ்வளவையே கேட்டார்கள். மிச்சத்தை அவளாகவே சொல்லும் வரை விட்டுவைத்தார்கள். உரிமை மீளும் வரைதான் உண்மையைத் தோண்டலாம். அது மீண்ட பின்னர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட வேண்டும்.

படம் இந்த இடத்தில் ஓரளவு தேறுகிறது. டீலியாவின் இரகசியம் முதலில் சேர வேண்டியது அதற்கு உரித்தான மகளிடம். நான்சி அவளிடமே சேர்ப்பிக்கிறாள். தாய் மறைக்க நேர்ந்த நிலைமையில் இன்றிருக்கும் பெண்களுக்கு அந்த வீடே அடைக்கலமாகிறது. ஒரு பெண்ணின் குறை என்று ஊர் பேசக்கூடிய ஒன்று வேறு பெண்களுக்கு நிழலாக மாறுவதைவிடச் சிறந்த மூடுதிரை இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

இனிப் பார்வையாளராகிய எமது பங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாளிகையைப் பராமரிக்கும் லெஷிங் என்றொரு மனிதர் படத்தில் வருகிறார். இறுகிய முகம், குறைந்த பேச்சு, எதிர்பாராத இடங்களில் வந்து நிற்கும் பழக்கம். படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே நாம் அவரைக் குற்றவாளியாக்கிவிடுகிறோம். ஒரு சான்றும் இல்லை. முகம் போதுமாயிருக்கிறது. கடைசியில் தெரியவருகிறது, அவர்தான் டீலியா நேசித்த மனிதர், ஜேனின் தந்தை. அந்த வீட்டில் இத்தனை வருடமாக அவர் காத்துக் கிடந்தது குற்றத்தையல்ல, துக்கத்தை. நன்றாக உடுத்து, இனிமையாகப் பேசி, தந்தையின் நண்பராக வாசலால் வரும் பீடமெயர்தான் கொலைகாரர். மர்மக் கதைகளுக்கு இது பழைய தந்திரம்தான். ஆனால் அந்தத் தந்திரம் ஒரு பாடத்தையும் சுமந்து வருகிறது. ஒன்றரை மணித்தியாலம் எம்மை ஊகத்தில் ஊறவைத்துவிட்டு, நீ இவ்வளவு நேரமும் ஒரு நிரபராதியின்மீது சந்தேகப்பட்டுக் கொண்டிருந்தாய் என்று மெதுவாகச் சொல்கிறது. எமது பிள்ளைகளுக்கு ஊகத்தின் ஆபத்தை விளக்க இதைவிட வலியில்லாத வழியை நான் அறியேன்.

நான்சி ட்ரூவின் சொந்த வரலாற்றிலும் இதே பாடம் உண்டு. எட்வர்ட் ஸ்ட்ரேட்மெயர் என்ற அமெரிக்கப் பதிப்பு வணிகர் உருவாக்கிய இந்தப் பாத்திரம் 1930 இல் முதன்முதலாக நூல்வடிவம் பெற்றது. முதல் நூலான 'பழைய கடிகாரத்தின் இரகசியம்' கூட காணாமற்போன ஒரு மரணசாசனத்தைப் பற்றியதே. ஆரம்பகால நூல்களில், கறுப்பினத்தவரும் வெளிநாட்டாரும் சந்தேகத்துக்குரியவர்களாகவும் கேலிக்குரியவர்களாகவும் சித்திரிக்கப்பட்டிருந்தனர். தோலின் நிறமே தடயமாகிவிட்ட கதைகள். 1959 இலிருந்து அந்த நூல்கள் திருத்தி எழுதப்பட்டன. பிறருடைய முகத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்த எழுத்து, தான் தவறாகப் படித்ததை மூன்று தசாப்தங்கள் கழித்துத் திருத்த வேண்டியதாயிற்று.

இன்னுமொன்று. நூல்களின் அட்டையில் கரோலின் கீன் என்ற பெயர் இருந்தது. அப்படியொருவர் இல்லை. ஆரம்பகால நூல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர் மில்ட்ரெட் வேர்ட் பென்சன் என்ற பெண். நூலொன்றுக்கு 125 டொலர் அளவில் பெற்றுக்கொண்டு, உரிமைகளையும் பெயரையும் கைவிட்டு, இரகசியம் காக்க ஒப்புக்கொண்டிருந்தார். அவர் அந்த வாக்கைப் பல தசாப்தங்கள் காத்தார். இதற்கிடையில் ஸ்ட்ரேட்மெயரின் மகள் ஹரியட் அடம்ஸ்தான் கரோலின் கீன் என்று உலகம் நம்பியது. 1980 இல் பதிப்பகங்களுக்கிடையே நடந்த ஒரு வழக்கில் பென்சன் சாட்சியாக அழைக்கப்பட்டபோதே உண்மை வெளியே வந்தது. மறைந்த உண்மைகளைக் கண்டுபிடிக்கும் பெண்ணைப் படைத்தவளே மறைக்கப்பட்ட உண்மையாக அரை நூற்றாண்டு இருந்தாள். 2002 இல், 96 ஆவது வயதில் காலமாகும் வரை அவர் ஒரு பத்திரிகையாளராகவே பணிசெய்தார். அவருடைய உண்மை வாசலால் வந்த உண்மை. எவரும் சுவரேறவில்லை. நீதிமன்றம் கேட்டது, அவர் சொன்னார்.

பிறப்பு மறைக்கப்பட்ட பிள்ளை தன் உரிமைக்கு மீளும் கதை எமக்கும் அந்நியமானதல்ல. சித்திலெப்பை 1885 இல் எழுதிய 'அசன்பே சரித்திரம்' கெய்ரோவில் களவாடப்பட்ட ஒரு குழந்தை தன் பெற்றோரிடம் திரும்பிச் சேர்வதைத்தான் சொல்கிறது. எமது நாட்டின் முதல் தமிழ் நாவல் என்று கொண்டாடப்படும் அந்நூலின் மையத்திலும் ஒரு குற்றமும் ஒரு மர்மமும் இருக்கின்றன. இலகுவான, விறுவிறுப்பான கதைக்குள் பாரமான விடயத்தை வைத்துச் சொல்லலாம் என்பதை அந்தக் கண்டிச் சட்டத்தரணி நன்றாக அறிந்திருந்தார்.

இத்தனையும் ஏன் சொல்கிறேன் என்றால், நாம் இரண்டு பக்கமும் நின்று பார்த்த சமூகம். எம்மைச் சந்தேகத்தோடு துருவிய காலம் ஒன்றிருந்தது. 2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதல்களின் பின்னர் அப்பாவிகளின் வீடுகளிலும் அலுமாரிகள் திறக்கப்பட்டன. அரபு எழுத்து இருந்தாலே அது ஒரு தடயமாகப் பார்க்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில், உடையில் இருந்த கப்பல் சுக்கானின் உருவத்தைத் தர்மச்சக்கரம் என்று எண்ணி ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைதுசெய்து தடுத்துவைத்தார்கள். தடயத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் துப்பறியப் புறப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. மறுபக்கத்தில், தம் பிள்ளைகள் எங்கே என்று கேட்டுப் படங்களைக் கையில் ஏந்தி வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்மாரும் இதே நாட்டில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து, பழையவற்றைத் தோண்டாதீர்கள் என்று சொல்பவர் குறைகளை மறைக்கும் நபிவழியைப் பின்பற்றவில்லை. பீடமெயரின் வழியையே பின்பற்றுகிறார்.

அரசாங்கத்தைக் குறை சொல்லிவிட்டு எம்மை விட்டுவிடவும் முடியாது. எமது ஊர்களில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு வந்தால், மாப்பிள்ளை வீட்டுக்குப் பெயரில்லாமல் பெட்டிசம் போடுகிறவர்கள் இல்லையா? அதில் எழுதியிருப்பது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த உண்மையால் எவருடைய உரிமை மீண்டது? இன்று பெட்டிசத்துக்குக் கடதாசியும் முத்திரையும் தேவையில்லை. கையிலுள்ள தொலைபேசியே கமராவும் தபாற்கந்தோருமாக இருக்கிறது. கடற்கரையில் யார் யாரோடு நின்றார்கள் என்று படமெடுத்து அனுப்புகிற இளைஞன், தான் மார்க்கத்தைப் பாதுகாப்பதாகவே நினைக்கிறான். அதே இளைஞனிடம், பக்கத்து வீட்டு அநாதைப் பிள்ளையின் காணியை அவளுடைய மாமா தன் பெயருக்கு எழுதிக்கொண்டதற்குச் சாட்சி சொல்ல வா என்று கேட்டுப் பாருங்கள். அது அவர்கள் குடும்ப விடயம் என்பான். மூட வேண்டியதைத் திறந்து, திறக்க வேண்டியதை மூடி வைத்திருக்கிறோம்.

இந்தப் படத்துக்குக் குறைகள் உண்டு. தீயவர் தீயவராகவே இருக்கிறார். சட்டம் ஈற்றில் ஏழையின் பக்கம் தானாகவே வந்து நிற்கிறது. எமது அனுபவத்தில் மரணசாசனம் கிடைத்த பின்னர்தான் வழக்கே தொடங்கும். நான்சி ஒரு கணமாவது, நான் ஏன் தேடுகிறேன் என்று தன்னைக் கேட்டிருந்தால் இது வேறொரு படமாகியிருக்கும். அந்தக் கேள்வியைப் படம் கேட்காததால், பார்க்கும் எமக்கு அது வேலையாகிறது. பிள்ளைகளோடு இருந்து பார்ப்பவர்கள், படம் முடிந்ததும் அவர்களிடம் இரண்டு விடயங்களைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. லெஷிங்கை நீங்கள் எதை வைத்துக் கள்ளன் என்று நினைத்தீர்கள்? ஜேன் என்றொருத்தி இல்லாமலிருந்தால் அந்தக் கடிதத்தை நான்சி வாசித்தது சரியா?

முதற் கேள்விக்குப் பிள்ளைகள் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். இரண்டாவது கேள்விக்கு அவர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்பதில்தான், நாளை எமது தெருக்களில் எந்தக் கதவுகள் தட்டப்படும், எந்தச் சுவர்கள் ஏறப்படும் என்பது தங்கியிருக்கிறது.